வேடந்தாங்கலுக்குப் பின்பக்கம் ஒரு ஏரிக்கரை நடை: இந்த இரண்டு நாரைகளும் எவை?

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். வேடந்தாங்கல் படங்கள் இங்கே நிறைய வந்திருக்கின்றன. பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்று, மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருப்பதை எடுத்த படங்கள். காலையில் எழுந்ததும் அந்தப் பறவைகள் எங்கே போகின்றன என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்குத்தான் வருகின்றன. அதனால் நானே எழுதுகிறேன். முடிவில் ஒரு சந்தேகமும் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் வேடந்தாங்கல் ஏரியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனக்கு வேலை தாம்பரத்தில். சனிக்கிழமை இரவு படாளம் கூட்ரோட்டில் இறங்கி ஊருக்குப் போய்விட்டால், ஞாயிறு விடியற்காலை ஏரிக்கரையில்தான் இருப்பேன். கோயிலுக்குப் பின்னால் கரை ஏறினால் மதகு வரை முக்கால் கிலோமீட்டர். மதகில் இறங்கி வாய்க்கால் ஓரமாகவே போனால் வயலுக்கு நடுவே பனைமர வரிசை வரும். அங்கிருந்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் வழியாகத் திரும்பலாம். மொத்தம் மூன்று கிலோமீட்டர். சும்மா நடந்தால் முக்கால் மணி நேரம், பறவை பார்த்துக்கொண்டு நடந்தால் மூன்று மணி நேரம்.

இன்று 6.10-க்குக் கரை ஏறினேன். பனி கொஞ்சம் இருந்தது. முதல் குரல் செம்போத்து, தாழம்புதருக்குள்ளிருந்து ஊப் ஊப் என்று. அடுத்தது ஆள்காட்டி. நான் வருகிறேன் என்று ஏரி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அது அடங்கியது. தண்ணீரில் முக்குளிப்பான் பதினொன்று, நாமக்கோழி முப்பதுக்கு மேல், கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஆறு. கருவேல மரத்து உச்சியில் ஒரு பழுப்புக் கீச்சான். அக்டோபரிலிருந்து அதே மரத்தில், அதே கிளையில் பார்க்கிறேன். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் வடக்கிலிருந்து வந்த உயிர் எங்கள் ஊரில் ஒரு கிளையைத் தன்னுடையது என்று பிடித்துவைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு அந்த வாரம் ஓடாது.

மதகைத் தாண்டினால் வேறு உலகம். நவரைப் பட்டத்து நெல் நடவுக்குச் சேடை, அதாவது சேற்றுழவு, ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் சின்னக்கொக்கும் ஓடுகின்றன. சக்கரம் புரட்டிப் போட்ட சேற்றில் மஞ்சள் வாலாட்டிகள். கம்பியில் பஞ்சுருட்டான் ஒன்பது, தகைவிலான் எண்ணி முடியவில்லை. பனைமரத்தடியில் கொண்டலாத்தி ஒன்று தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு ஒரு பத்தடி தூரம் என் கூடவே வந்தது.

இப்போது சந்தேகம். சேடை ஓட்டி முடித்திருந்த ஒரு கழனியில் நத்தைக்குத்தி நாரைகள் இருபத்திரண்டு நின்றன. அவற்றோடு சேர்ந்து இரண்டு பறவைகள். உடம்பு அழுக்குச் சாம்பல், முதுகில் பழுப்பு. அலகு நேராக மூடியிருந்தது. நத்தைக்குத்தியின் அலகுக்கு நடுவில் தெரியுமே அந்த இடைவெளி, அது இல்லவே இல்லை. பைனாகுலரில் கால் மணி நேரம் பார்த்தேன். போனில் எடுத்த படம் தெளிவாக இல்லை, அதனால் போடவில்லை. இவை என்ன நாரை?

லென்ஸ் 600 | ஞாயிறு, இரவு 9.05

அண்ணா, நேரான அலகு என்றால் செங்கால் நாரையாக இருக்கலாம்! நம் பக்கம் எப்போதாவதுதான் வரும். இடம் எங்கே என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள், நாளைக்கே லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

பனங்காடை | ஞாயிறு, இரவு 9.50

கொஞ்சம் பொறுங்கள். படம் இல்லாதபோது கேள்வி கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஏரிக்கரை, மூன்று விஷயம் சொல்லுங்கள். பக்கத்தில் நின்ற நத்தைக்குத்தியைவிட அவை உயரமா, சமமா? கால் என்ன நிறம்? அலகு என்ன நிறம்? புத்தகத்தைப் பார்க்காமல், கண்ணில் நிற்பதை மட்டும் எழுதுங்கள். புத்தகத்தைப் பார்த்துவிட்டால் பார்க்காததும் பார்த்த மாதிரி ஆகிவிடும். எனக்கே பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 10.15

உயரம் ஏறக்குறைய சமம், ஒரு விரல் குறைவாகக்கூட இருக்கலாம். கால் மங்கலான நிறம், சேறு வேறு ஒட்டியிருந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாது. அலகும் மங்கல்தான், கொம்பு நிறம். ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மற்ற நாரைகள் சேற்றுக்குள் அலகை விட்டு நிதானமாகத் துழாவிக்கொண்டிருந்தன. இவை இரண்டும் நாலு அடி நடக்கும், குத்தும், ஒன்றும் கிடைக்காது, நின்று சுற்றிப் பார்க்கும்.

பனங்காடை | திங்கள், காலை 6.30

அந்தக் கடைசி வரியே போதும். அவை நத்தைக்குத்தியின் குஞ்சுகள். பறக்கத் தொடங்கி அதிக நாள் ஆகாதவை.

செங்கால் நாரை ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும். அலகும் காலும் நல்ல சிவப்பு. நத்தைக்குத்தி 68 செ.மீ. சுமார், ஆசியாவில் உள்ள நாரைகளில் சிறியது அதுதான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாருக்கும் குழப்பம் வராது.

நத்தைக்குத்தி முட்டையிலிருந்து வரும்போது அலகில் இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் விரியும். உடம்பும் அப்படியே. இனப்பெருக்கக் காலத்தில் பெரியவை வெள்ளை வெளேரென்று இருக்கும், மற்ற மாதங்களில் புகை படிந்த சாம்பல். குஞ்சுக்கு முதுகில் பழுப்பு. நீங்கள் எழுதியது அத்தனையும் பொருந்துகிறது. வேடந்தாங்கலில் அவை கூடு கட்டியிருக்கும் காலம் இது. சீக்கிரம் கூடு கட்டிய ஜோடிகளின் பிள்ளைகள் இப்போது வெளியே வர வேண்டிய நேரம்தான்.

லென்ஸ் தம்பி வருத்தப்பட வேண்டாம். மூடிய அலகோடு ஒரு நத்தைக்குத்தியைப் பார்ப்பது கொஞ்ச நாளுக்குத்தான் கிடைக்கும். நான் இருபது வருடமாகப் பறவை பார்க்கிறேன், வயலில் அப்படிப் பார்த்தது நாலைந்து தடவைதான் இருக்கும்.

லென்ஸ் 600 | திங்கள், காலை 7.10

நன்றி ஐயா, இது எனக்குத் தெரியாது. அந்த இடைவெளி நத்தை ஓட்டை நடுவில் வைத்து உடைக்கத்தான் என்று நினைத்திருந்தேன், பாக்குவெட்டி மாதிரி.

வலசை | திங்கள், காலை 9.20

விலங்கியல் படிப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். பாக்குவெட்டி என்று நினைத்தது நீங்கள் மட்டும் இல்லை. பெரிய உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லியே அப்படித்தான் முடிவு செய்தார். அலகின் ஓரம் சொரசொரப்பாக இருப்பது ஓடு உடைத்து உடைத்துத் தேய்ந்ததால் என்று அவர் கருதினார். பின்னால் வந்தவர்கள் கவனித்துப் பார்த்ததில் அது சரியில்லை என்று தெரிந்தது. வழுக்குகிற ஓட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்தச் சொரசொரப்பு என்கிறார்கள்.

நடப்பது இதுதான். மேல் அலகால் ஓட்டை அமுக்கிக்கொள்ளும். கீழ் அலகின் நுனியை நத்தை வாயில் இருக்கும் மூடிக்குள் நுழைத்துச் சதையை ஓட்டிலிருந்து பிரித்து இழுக்கும். கீழ் அலகின் நுனி பல பறவைகளில் ஒரு பக்கமாக லேசாகத் திரும்பியிருக்கும், அது இந்த வேலைக்கு வசதி. அலகு தண்ணீருக்குள் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் யாராலும் சரியாகப் பார்க்க முடியாமல் இத்தனை காலம் வாதம் நடந்தது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தப் பறவை நத்தையைப் பிடித்துவிடுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

ஆயக்கட்டு | திங்கள், மதியம் 1.30

நான் அதே மதுராந்தகம் தாலுகாதான். இரண்டரை ஏக்கர் நெல். படித்தவர்கள் சொல்வதை நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். எங்கள் வரப்பு ஓரத்தில் தினம் ஓடு கிடக்கும், கோலிகுண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடைந்திருக்காது. உள்ளே மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலி. அந்த மூடி தனியாகப் பக்கத்தில் கிடக்கும், தேய்ந்த பொத்தான் மாதிரி. என் பையன் சின்ன வயதில் அந்த மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவைத்திருந்தான்.

எங்களுக்கு இந்தப் பறவைமேல் கோபம் கிடையாது. நாற்றை எடுக்காது, கதிரைத் தொடாது. நத்தையும் நண்டும் தின்கிறது. நண்டு வரப்பில் வளை போட்டால் இராத்திரியோடு தண்ணீர் வடிந்துவிடும், அது வயல்காரனுக்குத்தான் தெரியும். தாழைக்கோழி வேறு கதை. நட்டு நாலு நாள் ஆன பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். ஏரிக்கரை அண்ணா கோரையில் ஆறு பார்த்ததாக எழுதியிருக்கிறார், அந்த ஆறும் காலையில் எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

செங்கல்பட்டு டீச்சர் | திங்கள், மாலை 6.00

இழையை முதலிலிருந்து படித்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒரு ஞாயிறு இப்படி ஒரு பாதைக்குக் கூட்டிப் போக ஆசை. வேடந்தாங்கலுக்குப் பள்ளியிலிருந்து போயிருக்கிறோம். கூட்டத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எனக்குப் பைனாகுலர் பிடிக்கக்கூடத் தெரியாது. என்னவெல்லாம் வேண்டும்? எந்த நேரம் போக வேண்டும்?

பனங்காடை | திங்கள், இரவு 9.15

டீச்சரம்மா, நீங்கள் கேட்டது மகிழ்ச்சி. 8×42 பைனாகுலர் மூன்று இருந்தால் பதினைந்து பேருக்குப் போதும், ஐந்து பேருக்கு ஒன்று. 8 என்றால் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு அதிகமாக இருந்தால் நல்லது என்று கடையில் 20, 30 என்று எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். கை நடுங்கும், ஒன்றும் பிடிபடாது. பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் கிடைக்காது.

சூரியன் எழும்போது அங்கே இருந்தால் ஒன்பது மணிக்கு முடித்துவிடலாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நடங்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘காக்கையைவிடச் சின்னது, வாலை ஆட்டுகிறது, தனியாக நடக்கிறது’ என்று எழுதட்டும். ஏரிக்கரை அப்படி எழுதியதால்தான் நமக்கு விடை கிடைத்தது.

பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணினால்கூடப் போதும், பட்டியலை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம். பிள்ளைகள் எண்ணிய காக்கையும் மைனாவும் அதில் சேரும்.

லென்ஸ் 600 | செவ்வாய், காலை 8.00

ஒரு யோசனை. கோரைக்குள் இருக்கும் கதிர்க்குருவிகள் வெளியே வரவே வராது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் போனில் அதன் குரலைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் மேலே வந்து உட்காரும். நான் அப்படித்தான் எடுப்பேன்.

ஏரிக்கரை | செவ்வாய், காலை 10.40

தம்பி, தயவுசெய்து வேண்டாம். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். ஒரு குண்டுக்கரிச்சானுக்கு அதன் பாட்டைப் போட்டேன். பாய்ந்து வந்து முள்ளில் உட்கார்ந்து, இறக்கையை விரித்துக்கொண்டு கத்தியது. நான் போனை அணைத்த பிறகும் இருபது நிமிடம் அந்தப் புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது, இல்லாத எதிரியைத் தேடி. அதன் பெட்டை கொஞ்சம் தள்ளி வாயில் புழுவோடு நின்றது, கூட்டுக்குள் போகவில்லை. அன்றைக்கு எனக்கு நல்ல படம் கிடைத்தது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, அழித்துவிட்டேன்.

கோரைக்குள் இருப்பது தெரியாமல் இருந்தால் இருக்கட்டும். ‘டக், டக்’ என்று இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி அதன் குரல் வரும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்கட்டும். மெர்லின் செயலியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தலாம். நாம் கேட்பதற்கு மட்டும், நாம் போடுவதற்கு இல்லை.

லென்ஸ் 600 | செவ்வாய், மதியம் 12.15

சரி அண்ணா. கூட்டோடு இருக்கும் பறவைக்கு இப்படி ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. இனிமேல் போட மாட்டேன்.

தெற்குச் சீமை | செவ்வாய், இரவு 8.30

நான் நாங்குநேரிப் பக்கம். இங்கே கூந்தன்குளம் பறவைகள் சரணாலய ஊரில் பறவைகள் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். வாசலில் எச்சம் விழும், குஞ்சு விழும், மீன் நாற்றம் அடிக்கும். யாரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஆனால் ஏரிக்கரை அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்த மரத்தில் இருக்கிற பறவை இரை எடுக்கப் பக்கத்துக் குளத்துக்கும் வயலுக்கும்தான் போகிறது. அந்தக் குளத்துக்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

வலசை | புதன், காலை 9.00

இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வேடந்தாங்கல் ஏரி 30 ஹெக்டேர் சுமார். ஆயிரக்கணக்கான கூழைக்கடாவும் நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டோடு இருக்கும்போது அந்த 30 ஹெக்டேரில் எவ்வளவு மீனும் நத்தையும் கிடைக்கும்? அங்கே இருப்பது நீர்க்கடம்பு மரமும், மரத்தைச் சுற்றித் தண்ணீரும், அதனால் கிடைக்கும் பாதுகாப்பும். சோறு வெளியேதான்.

1998-இல் அரசு அறிவித்தபோது ஏரியை மட்டும் சொல்லவில்லை. அதைச் சுற்றி 5 கி.மீ. தூரத்தையும் சேர்த்துத்தான் சரணாலயம் என்றார்கள். 2020-இல் அந்த எல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தபோது இவ்வளவு எதிர்ப்பு எழுந்ததும் அதனால்தான். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலி சரணாலயமும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. ஏரிக்கரை அண்ணா நடக்கும் அந்த மூன்று கிலோமீட்டரும் அந்த 5 கி.மீ.-க்குள்தான் வருகிறது.

ஆயக்கட்டு | புதன், இரவு 7.45

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த 5 கி.மீ.-க்குள் இருக்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

வேடந்தாங்கல்காரர்களுக்கு ஒரு பலன் உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்குப் பாய்கிறது, உரச் செலவு குறைகிறது. அதனால்தான் அந்தக் காலத்தில், 1798-இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய்ப் பறவையைச் சுடக் கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து ஊர் ஏரியில் கூடு கிடையாது, எச்சத் தண்ணீரும் கிடையாது. பறவை எங்களிடம் தின்றுவிட்டு உரத்தை அங்கே கொண்டுபோய்ப் போடுகிறது. சரணாலயம் என்று சொன்னாலே எங்கள் ஊரில் பயப்படுகிறார்கள், கிணறு வெட்ட முடியுமா, கொட்டகை போட முடியுமா என்று.

இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. போன வருடம் நான் குருணை மருந்து போட்ட கழனியில் நத்தை எல்லாம் செத்து மிதந்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒரு நாரைகூட இறங்கவில்லை. வரப்பில் நின்று பார்த்தேன், மேலேயே சுற்றிவிட்டுப் போய்விட்டன. எனக்கு அது நன்றாக இல்லை. இந்த வருடம் நவரைக்கு ஏரியோரத்தில் உள்ள அரை ஏக்கருக்கு அந்த மருந்து போடவில்லை. பூச்சி வந்தால் என்ன செய்வேன் என்று இப்போது சொல்லத் தெரியாது. போடாமல் இருக்கிறவனுக்குக் கை கொடுக்க ஒரு ஏற்பாடு இருந்தால் பத்துப் பேர் சேர்வார்கள். யாராவது அதைப் பற்றிப் பேசுங்கள், 5 கி.மீ.-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள்.

பனங்காடை | புதன், இரவு 10.00

அண்ணே, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நாங்கள் பறவைப் பட்டியல் போடுகிறோம், எத்தனை நாரை என்று எழுதுகிறோம். எந்தக் கழனியில், என்ன பயிர், மருந்து போட்டதா போடாததா என்று எழுதுவதில்லை. ஒரே பாதையில் வாராவாரம் நடக்கிற ஏரிக்கரை மாதிரி ஒருவரால் அது முடியும். உங்கள் அரை ஏக்கரையும் பக்கத்துக் கழனிகளையும் தனித்தனியாக எண்ணினால், உதவி கேட்டு எழுதும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும். கணக்கு இல்லாமல் போய் நின்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஏரிக்கரை | வியாழன், காலை 7.00

செய்கிறேன். அண்ணா, உங்கள் கழனி எங்கே என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். இந்த ஞாயிறிலிருந்தே தொடங்கலாம்.

ஏரிக்கரை | ஞாயிறு, மதியம் 12.20

இன்று காலை போய்வந்தேன். ஆயக்கட்டு அண்ணாவின் கழனி எங்கள் கலங்கலுக்குக் கீழே வாய்க்காலின் மறுகரையில் இருக்கிறது. இத்தனை வருடமாக அந்த வரப்பைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், அவர் யாரென்று தெரியாமல்.

6.50 முதல் 8.20 வரை ஒரே இடத்தில், பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்து எண்ணினோம். மருந்து போடாத அரை ஏக்கரில் நத்தைக்குத்தி 14, வெள்ளை அரிவாள்மூக்கன் 6, மடையான் 5. பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவுள்ள இரண்டு கழனிகளில் சேர்த்து நத்தைக்குத்தி 3, உண்ணிக்கொக்கு 8. ஒரு நாள் கணக்கை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். பயிரின் வயது வேறு, தண்ணீர் ஆழம் வேறு. வாராவாரம் எண்ணி மார்ச் கடைசியில் மொத்தமாகப் போடுகிறேன்.

அந்த 14-இல் ஒன்று மூடிய அலகு. போன வாரம் பார்த்ததில் ஒன்றா, வேறா என்று தெரியாது. எங்களிடமிருந்து முப்பது அடி இருக்கும். அண்ணா பேச்சை நிறுத்திவிட்டு என் தோளைத் தொட்டுக் காட்டினார். பெரிய பறவை ஒன்று அலகைச் சேற்றில் விட்டு இரண்டு முறை அசைத்தது, தலையைத் தூக்கும்போது சதை தொங்கியது, விழுங்கிவிட்டது. பத்து விநாடி இருக்காது. இந்தச் சின்னது பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் தானும் துழாவி ஒரு நத்தையை வெளியே எடுத்தது. அலகு நடுவில் ஓடு நிற்கவில்லை, வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. எடுத்தது, மறுபடியும் விழுந்தது. ஏழு தடவை எண்ணினேன். எட்டாவது தடவை நத்தையைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஓரம் தண்ணீர் குறைவான இடத்துக்கு நடந்தது. அங்கே ஓட்டைச் சேற்றில் அமுக்கி வைத்துக்கொண்டு முட்டி மோதியது. என் கடிகாரப்படி ஆறு நிமிடம். கடைசியில் கழுத்து ஒரு முறை ஏறி இறங்கியது.

அது நகர்ந்த பிறகு அண்ணா போய் ஓட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு போயிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. மூடி அதிலேயே ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மேஜையில் என் முன்னால் இருக்கிறது இப்போது.

வலசை | ஞாயிறு, மதியம் 2.10

அண்ணா, அந்த ஓட்டைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், நான்கு பக்கமும். பெரியவை தின்ற ஓடு பத்து, இருபது கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். இளம் பறவை தின்றதற்கும் பெரியது தின்றதற்கும் ஓட்டில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

செங்கல்பட்டு டீச்சர் | ஞாயிறு, மாலை 5.30

பெற்றோர்களிடம் பேசிவிட்டேன். பதினைந்து என்று நினைத்தேன், இருபத்தொன்று பேர் வருகிறார்கள். வருகிற ஞாயிறு. மூன்று பைனாகுலருக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். கூட்டம் அதிகமா? இரண்டாகப் பிரித்துவிடவா?

பனங்காடை | ஞாயிறு, மாலை 6.45

பிரித்துவிடுங்கள். ஒரு குழு கரையில், ஒரு குழு வாய்க்காலில். பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். நான் சனிக்கிழமை இரவே செங்கல்பட்டு வந்துவிடுகிறேன், ஒரு குழுவை நான் கூட்டிப் போகிறேன்.

லென்ஸ் 600 | ஞாயிறு, இரவு 7.20

நானும் வரலாமா? கேமராவைக் கொண்டுவரவில்லை என்றாலும் சரி. என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

ஆயக்கட்டு | ஞாயிறு, இரவு 9.10

எல்லாரும் வாருங்கள். கலங்கலுக்குக் கீழே வரப்பு வழுக்கும், பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லுங்கள். நடவு ஆன கழனிக்குள் மட்டும் இறங்க வேண்டாம். கொட்டகையில் பால் காய்ச்சி வைக்கிறேன். என் பையனிடம் அந்த மூடி டப்பா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன், பரணில் இருக்கிறதாம்.